அம்மா மீண்டும் கப்பலேறிய நாள்

எங்களுக்குக் கொடுத்திருந்த செக்-இன் நேரம் மதியம் ஒரு மணி. காலை எட்டு மணிக்கே அம்மா சேலை கட்டி, கைப்பையோடு வாசலில் உட்கார்ந்துவிட்டார். "கப்பல் யாருக்காகவும் நிக்காதும்மா" என்றார். மலேசியாவின் பட்டர்வொர்த்தில் எங்கள் வீடு. கடலுக்கு அந்தப் பக்கம், பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில், சுவெட்டன்ஹாம் பியர் என்ற கப்பல் துறையில் கப்பல் நின்றது. பிள்ளைகளுக்கென்றே சறுக்குக் குளமும் விளையாட்டு அறைகளும் கட்டிய குடும்பக் கப்பல். மூன்று இரவு, தாய்லாந்தின் புக்கெட் வரை போய்த் திரும்புவது.

அம்மா கடைசியாகக் கப்பல் ஏறியது 1964-இல், நாகப்பட்டினத்தில். அப்போது அவருக்கு ஏழு வயது. 'ராஜுலா' கப்பலில், தன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, பினாங்கில் வேலையிலிருந்த அப்பாவிடம் வந்து சேர்ந்தார். இந்தப் பயணத்துக்கு டிக்கெட் எடுத்த நாளிலிருந்து அவர் முகத்தில் ஒரு கலக்கம் இருந்தது. வரமாட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் இரவில் எழுந்து எழுந்து பையைப் பார்த்தார்.

பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு கணவர் பாலம் வழியாக வந்தார். அம்மாவுக்கு ஃபெர்ரியில்தான் போகவேண்டும். இப்போது ஓடும் ஃபெர்ரிகளில் ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும்தான் ஏறலாம், கார் ஏற்றும் காலம் போய்விட்டது. நடுக்கடலில் அந்த வெள்ளைக் கப்பல் தெரிந்ததும் பிள்ளைகள் கத்தினார்கள். கோட்டையையும் மணிக்கூண்டையும் மறைத்துக்கொண்டு ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பே மிதப்பதுபோல் இருந்தது.

நேரம் இருந்ததால் குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயிலில் ஒரு அர்ச்சனை. 1833-இல் எழுந்த கோயில், பினாங்கின் இந்துக் கோயில்களிலேயே பழையது. அம்மா கப்பலில் வந்து இறங்கிய மறுநாள் இங்கேதான் அழைத்து வரப்பட்டாராம். பிறகு லிட்டில் இந்தியாவில் தோசை சாப்பிட்டுவிட்டு, மணிக்கூண்டு வரை நடந்தோம். விக்டோரியா ராணியின் அறுபதாண்டு ஆட்சிக்காக, ஆண்டுக்கு ஓர் அடி என்று 60 அடி உயரத்தில் கட்டியது அது. மகள் அண்ணாந்து பார்த்து, "கொஞ்சம் சாஞ்சிருக்கும்மா" என்றாள். போர்க்காலக் குண்டுவீச்சில் வந்த சாய்வு என்று சொன்னேன். அதற்கு எதிரேதான் கப்பல் முனையம்.

முனையத்தில் ஒரு சின்னச் சிக்கல். பெட்டிகள் ஸ்கேனரில் போனபோது ஒன்றை மட்டும் தனியே இழுத்து வைத்தார்கள். உள்ளே அம்மாவின் குட்டி ரைஸ் குக்கர். பேரனுக்கு வயிறு சரியில்லாமல் போனால் கஞ்சி வைக்க எடுத்து வந்திருக்கிறார். சமையல் சாதனம், இஸ்திரிப் பெட்டி போன்றவற்றுக்குக் கப்பலில் அனுமதி இல்லை, தீ பயம். ரசீது போட்டு வாங்கிக்கொண்டார்கள், இறங்கும்போது தருவார்களாம். அம்மா கண் கலங்கியது எனக்குத் தாங்கவில்லை. அங்கே நின்ற ஒரு தமிழ்ப் பெண் ஊழியர், "சமையல்கட்டுல சொன்னா கஞ்சி வச்சிக் கொடுப்பாங்க ஆன்ட்டி, நானே சொல்லிடறேன்" என்றார். சொன்னபடியே செய்தார். அவருக்கு என் நன்றி.

குடிநுழைவு முடிந்து மேலே ஏறினால், வாசலிலேயே ஆளுயரப் பொம்மை வேடங்கள் கையாட்டி நின்றன. ஐந்து வயது மகன் பயந்து பாட்டியின் சேலைக்குள் ஒளிந்துகொண்டான். ஒன்பது வயது மகளோ நேராகப் போய்க் கட்டிப்பிடித்தாள்.

முதல்முறை போகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். ஏறியவுடன் அறை கிடைக்காது, சுத்தம் செய்துகொண்டிருப்பார்கள். கொடுத்துவிட்ட பெட்டிகள் வந்து சேர மாலையாகிவிடும். நீச்சல் உடை, மருந்து, ஒரு மாற்று உடை இவை கைப்பையில் இருக்கவேண்டும். நான் எடுத்து வைத்திருந்ததால் பிள்ளைகள் மதியமே குளத்தில் இறங்கினார்கள். சிறுவர் மன்றத்திலும் அன்றே பெயர் பதிவது நல்லது. பிள்ளையைத் திரும்ப அழைத்துப்போக யாருக்கு உரிமை என்று கேட்டார்கள். அம்மா பெயரை முதலில் எழுதினேன்.

மாலையில் பாதுகாப்புப் பயிற்சி. ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி. அதுதான் ஆபத்து மணி. விளையாட்டை விட்டு ஏன் வரவேண்டும் என்று மகள் முறுக்கிக்கொண்டாள். 2012-இல் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதியதையும், 32 பேர் இறந்ததையும், அன்று மாலைதான் ஏறியவர்கள் பலருக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை என்பதையும் அவளுக்குப் புரியும் அளவில் சொன்னேன். அதன் பிறகுதான் கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடந்தாகவேண்டும் என்று உலக விதியே மாறியது. அவள் பேசாமல் வந்தாள்.

ஆபத்து நேரத்தில் நாங்கள் கூடவேண்டிய இடத்தின் எண் போட்ட பட்டையைப் பிள்ளைகளின் மணிக்கட்டில் கட்டிவிட்டார்கள். தொலைந்துபோனால் எந்த ஊழியரும் அதைப் பார்த்துச் சரியான இடத்தில் கொண்டுவந்து விடுவார். மகன் அதைப் பிய்க்கப் பார்த்தான். அம்மா அவன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"எங்கம்மா தன் முந்தானைய என் கையில முடிச்சுப் போட்டிருந்தாங்க" என்றார். "படகுல போயி, ஏணி ஏறி, மேல்தட்டுல பாய விரிச்சுப் படுத்தோம். எங்க பாத்தாலும் சனம். ராத்திரி நான் எழுந்தா அவங்களும் எழுந்துடுவாங்க. பினாங்கு வர்ற வரைக்கும் அந்த முடிச்ச அவுக்கல."

நாகப்பட்டினத்தில் கப்பல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும், படகில் போய்த்தான் ஏறவேண்டும் என்பது தெரியும். முந்தானைக் கதையை அன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறேன். கரையில் நின்று கையாட்டிய தன் பாட்டியை அதன்பிறகு அம்மா பார்க்கவேயில்லை.

கப்பல் நகர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. தெற்கே பாலம் குறுக்கே நிற்பதால் பெரிய கப்பல்கள் வடக்குப் பக்கமாகத்தான் வெளியேறும். கோட்டை, எஸ்பிளனேட், கர்னி டிரைவ் கட்டடங்கள் ஒவ்வொன்றாகப் பின்னே போயின. மேல்தட்டில் பாட்டும் ஆட்டமும் தொடங்கியிருந்தன. மகள் அங்கே ஓடிவிட்டாள்.

"நாகப்பட்டினம் எந்தப் பக்கம் மாப்ள?" என்று அம்மா கேட்டார். கணவர் கைப்பேசியில் பார்த்து மேற்கைக் காட்டினார். அம்மா மகனைக் கூட்டிக்கொண்டு இடது பக்கக் கம்பியோரம் போனார்.

காற்று குளிர்ந்ததால் சால்வை எடுக்க நான் அறைக்குப் போனேன். திரும்பி வந்தபோதும் இருவரும் அங்கேயே நின்றார்கள். அவன் மீன்பிடிப் படகுகளின் விளக்குகளை எண்ணிக்கொண்டிருந்தான். பட்டை கட்டிய அவன் கை, பாட்டியின் கைக்குள் இருந்தது.