கையில் கயிறு இல்லாமல் அம்பா வராது

முதல் நாள் ஒலிப்பதிவுக்கு மாதா கோயில் மண்டபத்தைக் கேட்டு வாங்கியிருந்தோம். சத்தம் கேட்கும் என்று மின்விசிறியை நிறுத்தினோம். நல்ல நாற்காலியாகப் பார்த்துப் போட்டு, மண்டாடித் தாத்தாவை உட்காரவைத்து, சட்டையில் மைக்கைக் குத்திவிட்டு, “பாடுங்கள் தாத்தா” என்றோம். மண்டாடி என்றால் வலைக் கூட்டத்தை முன்னின்று நடத்துபவர். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கரைவலை இழுத்தவர். அவர் அம்பா, அதாவது வலை இழுக்கும் பாட்டு, எடுத்தால் ஓய்ந்துபோன கைகூட எழுந்துவிடும் என்று ஊரில் சொல்வார்கள். நான்கு வரி பாடினார். ஐந்தாவது வரி வரவில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். அதே இடத்தில் நின்றார். வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “வயதாகிவிட்டது தாயி, எல்லாம் மறந்துபோய்விட்டது” என்றார்.

அன்று இரவு வீட்டுக்கு வந்து அழுதேன். பத்து ஆண்டுகள் தாமதமாகக் கிளம்பிவிட்டோம் என்றே நினைத்தேன்.

பாம்பன் தீவில் பிறந்து, இங்கேயே ஒரு பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் தீவுக்கு வருகிறவர்கள் இராமநாதசுவாமி கோயிலைப் பார்க்கிறார்கள், பாம்பன் பாலத்தைப் பார்க்கிறார்கள். 2017இல் அரிச்சல்முனை வரை சாலை திறந்த பிறகு, தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயத்தின் முன்னால் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். வழியில் முப்பது பேர் மணலில் குதிகாலை ஊன்றிக் கயிறு இழுப்பதை வேன் ஜன்னல் வழியாகப் பார்த்தபடி கடந்துபோய்விடுகிறார்கள். எங்கள் ஊரின் பாட்டு அந்தக் கயிற்றில்தான் இருக்கிறது. அதைப் பாட்டாகவும், அந்த மனிதர்களின் நினைவுகளைக் கதையாகவும், இரண்டையும் சேர்த்து ஒரு படமாகவும் ஊர்ப் பிள்ளைகளை வைத்தே எடுத்து, ஊருக்கே போட்டுக் காட்ட வேண்டும் என்பதுதான் எண்ணம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து கல்லூரி முதலாண்டு வரை படிக்கும் ஏழு பிள்ளைகள் சேர்ந்தார்கள்.

கரைவலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கயிற்றின் ஒரு முனையைக் கரையில் ஆட்களிடம் கொடுத்துவிட்டு வள்ளம் கடலுக்குள் போகும். அரைவட்டமாக வளைந்து வலையை இறக்கிக்கொண்டே வந்து, மறுமுனையை வேறோர் இடத்தில் கரைசேர்க்கும். இரண்டு முனையிலும் இரண்டு கூட்டம் நின்று இழுக்கும். வலை நெருங்க நெருங்க இரு கூட்டமும் ஒன்றை நோக்கி ஒன்று நகரும். நடுவில் மீன் சேரும் பைக்கு மடி என்று பெயர். மடி கரையேற இரண்டு, மூன்று மணி நேரம் பிடிக்கும். அத்தனை கைகளும் ஒரே நொடியில் இழுத்தால்தான் கயிறு நகரும். அந்த ஒரு நொடியைக் காட்டிக்கொடுப்பதுதான் அம்பா. ஒருவர் வரி எடுப்பார், மற்றவர்கள் ஏலேலோ, ஐலசா என்று வாங்குவார்கள். ஏலேலசிங்கன் என்ற வணிகனின் பெயர்தான் ஏலேலோ ஆனது என்று ஒரு வழக்கு உண்டு. எங்கள் கரையில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. இங்கே அது மூச்சு விடும் சத்தம், அவ்வளவுதான்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிதி தரும் ஓர் அமைப்புக்கு விண்ணப்பம் எழுதினோம். மூன்று முறை திருத்தம் கேட்டார்கள், பிறகு பதிலே இல்லை. அதில் நான்கு மாதம் போனது. கடைசியில் வலைச் சொந்தக்காரர்களான சம்மாட்டிகள் இருவர், ஒரு மளிகைக் கடைக்காரர், வெளிநாட்டில் வேலை செய்யும் ஊர்ப் பிள்ளைகள் என எல்லோருமாகச் சேர்ந்து நாற்பத்தோராயிரம் ரூபாய் தந்தார்கள். இப்படி ஒரு வேலையைத் தொடங்க நினைப்பவர்களுக்கு என் ஒரே யோசனை: முதலில் ஊரிடம் கேளுங்கள். தங்கள் பணம் போன வேலையை ஊர் பாதியில் விடாது.

இனி தாத்தாவிடம் வருகிறேன். மண்டபத்தில் நடந்ததை மறுநாள் அவர் மனைவியிடம் சொன்னேன். ஆச்சி மீன் அரிந்துகொண்டே, “உட்காரவைத்தால் எப்படிப் பாடுவார்? கையில் கயிற்றைக் கொடுத்தீர்களா?” என்று கேட்டார். எனக்குச் சுரீரென்றது.

அன்று மாலையே பழைய கயிறு ஒன்றைக் கொண்டுவந்து வீட்டுக்கு முன்னால் நிற்கும் பூவரச மரத்தைச் சுற்றிப் போட்டோம். நான்கு பையன்கள் கயிற்றின் மறுமுனையைப் பிடித்தார்கள். தாத்தா இரண்டு கையாலும் கயிற்றைப் பற்றி, இடதுகாலை முன்னே வைத்து, உடம்பைப் பின்னால் சாய்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். வரி வந்தது. முந்தின நாள் நின்றுபோன ஐந்தாவது வரியைத் தாண்டி, ஆறு, ஏழு என்று போய்க்கொண்டே இருந்தது. மரம் நகராதே, பையன்கள்தான் இழுவைக்கு இழுவை கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தார்கள். இருபத்திரண்டு நிமிடம் பாடினார். அந்தோணியார் வந்தார், முருகன் வந்தார், நாகூர் ஆண்டவர் வந்தார். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுகளும் வந்தன. சம்மாட்டியின் கஞ்சத்தனம்கூட வந்தது. நிறுத்தியபோது அவர் உள்ளங்கை சிவந்திருந்தது. “மறக்கவில்லை தாயி, கைக்குள் இருந்திருக்கிறது” என்றார்.

நா. வானமாமலை போன்றவர்கள் ஊர் ஊராக நாட்டுப் பாடல்களைத் தேடித் தொகுத்ததால்தான் எத்தனையோ பாட்டுகள் இன்று நம்மிடம் இருக்கின்றன. அந்த உழைப்பின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அம்பாவை எழுத்தில் படித்தால் பாதிதான் கிடைக்கும். இரண்டு வரிக்கு நடுவே வருகிற அந்த இழுவை அச்சில் ஏறாது. வலை தூரத்தில் இருக்கும்போது பாட்டு நீண்டு கிடக்கும். மடி கண்ணுக்குத் தெரிந்ததும் வரி குறுகி, கடைசியில் வெறும் அதட்டலாகிவிடும். இதைக் காட்டத்தான் எங்களுக்குப் படம் தேவைப்பட்டது. அன்றைக்குப் பிறகு நாற்காலியில் யாரையும் உட்காரவைக்கவில்லை. தாலாட்டு என்றால் தொட்டில் கட்டினோம். வலை பின்னும் பாட்டு என்றால் வலையைப் பாடுபவரின் மடியில் போட்டோம்.

இரண்டு தடங்கல்கள் வந்தன. நிஜ இழுவையைப் படம்பிடிக்கக் கரைக்குப் போனபோது, நான் பக்கத்தில் வந்தாலே பாட்டு மாறிவிடுகிறது என்று பையன்கள் சொன்னார்கள். அம்பாவில் கேலி வரிகள் உண்டு, ஆண்கள் தங்களுக்குள் மட்டும் பாடிக்கொள்பவை. ஆசிரியை முன்னால் அவை வராது. நான் வேலிப் பக்கம் ஒதுங்கி நின்றேன், பையன்கள் பதிவு செய்தார்கள். அந்த வரிகளைச் சேகரத்தில் வைத்துக்கொண்டோம், படத்தில் சேர்க்கவில்லை. வெட்டி எறிவதும் தவறு, சின்னப் பிள்ளைகள் முன்னால் போடுவதும் தவறு என்பது என் முடிவு.

இரண்டாவது, காற்று. தென்கடல் பக்கம் கச்சான் வீசத் தொடங்கிவிட்டால் மைக்கில் காற்று மட்டும்தான் கேட்கும். எங்கள் ஊரில் தென்கடலை ஆண்கடல் என்றும் வடகடலைப் பெண்கடல் என்றும் சொல்வது சும்மா இல்லை. பழைய கம்பளித் துணியை வெட்டி மைக்குக்கு உறை தைத்தோம், அதையும் பனியனுக்கு உள்பக்கமாகக் குத்தினோம். படத்துக்கு ஒரு செல்போன், குரலுக்குச் சட்டைப் பையில் வேறொரு செல்போன் என்று பிரித்துக்கொண்டோம். இரண்டையும் பிறகு பொருத்துவதற்காக, ஒவ்வொரு முறையும் தொடக்கத்தில் ஒருவர் ஓங்கிக் கைதட்டுவார். கடற்படையும் கடலோரக் காவல்படையும் கண்காணிக்கும் எல்லைப் பகுதி என்பதால் டிரோன் ஆசையைத் தொடக்கத்திலேயே விட்டுவிட்டோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த நாட்களில் விசைப்படகுக்குப் போகும் ஆட்களும் ஊரில் இருப்பார்கள் என்பதால், பெரும்பாலான வேலையை அப்போது வைத்துக்கொண்டோம்.

கதைப் பகுதிக்கு 1964 புயலைத் தவிர்க்க முடியாது. டிசம்பர் 22 இரவு, 23 விடிவதற்குள் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனது. அப்போது வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலில் இருந்த ஒருவரும் மிஞ்சவில்லை. பாம்பன் பாலமும் சிதைந்தது. ரயில்வே பொறியாளர் ஶ்ரீதரன் தலைமையில் அதை 46 நாளில் சரிசெய்து ரயில் விட்டார்கள். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. பிள்ளைகள் “புயல் எப்படி இருந்தது?” என்று கேட்டால் பெரியவர்களும் செய்தித்தாளில் வந்ததையே திருப்பிச் சொன்னார்கள். அப்போதுதான் ஒரு மாணவி தானாகக் கேள்வியை மாற்றினாள். அன்றைக்கு எட்டு வயதாக இருந்த ஒரு பாட்டியிடம், “அன்று இரவு என்ன சாப்பிட்டீர்கள்?” என்று கேட்டாள். பாட்டி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “கஞ்சி. அடுப்புக்குள் தண்ணீர் வந்துவிட்டது, கருவாடு சுட முடியவில்லை. அம்மா பச்சை மிளகாய் தந்தாள். தம்பிக்குக் காரம் தாங்கவில்லை, அழுதான்” என்றார். தம்பி விடியும்போது இல்லை. அவர் அதற்கு மேல் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. படத்தில் அந்த இடத்தில் இசை எதுவும் சேர்க்கவில்லை.

ஒவ்வொருவரிடமும் அனுமதி வாங்கத் தமிழில் ஒரு பக்கத் தாள் வைத்திருந்தோம். அதை நாங்களே வாசித்துக் காட்டுவோம். பதிவு செய்யலாமா, ஊரில் போடலாமா, இணையத்தில் ஏற்றலாமா என்று மூன்று கேள்வி, மூன்றுக்கும் தனித்தனிப் பதில். ஒரே கையெழுத்தில் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வது எனக்குச் சம்மதமில்லை. கடல்பாசி எடுக்கப் போகும் அக்கா ஒருவர், மரிக்கொழுந்துப் பாசி பறிக்கும்போது விரலில் துணி சுற்றும் விதத்தைக் காட்டிக்கொண்டிருந்தவர், திடீரென்று கடலில் போன தன் கணவருக்காக ஒப்பாரி சொல்லத் தொடங்கினார். என் வாழ்நாளில் அப்படி ஒரு குரலைக் கேட்டதில்லை. முடித்துவிட்டு, “இது அவருக்கு மட்டும், அழித்துவிடுங்கள்” என்றார். அவர் கண் முன்னாலேயே அழித்தோம். ஒரு பையனுக்கு மனம் ஆறவில்லை, ஒரு பிரதியாவது வைத்திருக்கலாமே என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தான். கூடாது என்றேன். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

அதே அக்காதான் பிறகு பெண்கள் இழுக்கும் காட்சிக்கு இரண்டு வரி புதிதாகக் கட்டிக்கொடுத்தார்:

கயிறு சுட்ட கையைப் பார் – ஏலேலோ
கடல் கொடுத்த காசைப் பார் – ஐலசா

தனுஷ்கோடிக் கரையில் பெண்களும் இழுக்கிறார்கள், பங்கும் வாங்குகிறார்கள். பழைய அம்பாக்களில் அவர்கள் வரி எடுத்ததாக எங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இந்த இரண்டு வரி படத்தில் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன்.

34 நிமிடப் படம் தயாரானது. திரையிடுவதைக் கடற்கரையில் வைத்தோம். ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் அனுமதி வாங்கி, இரவு பத்து மணிக்குள் முடிப்பதாக எழுதிக்கொடுத்தோம். வெள்ளைத் துணியை இரண்டு கம்பங்களுக்கு நடுவே கட்டியதும் அது காற்றில் புடைத்துக்கொண்டு கம்பத்தையே சாய்க்கப் பார்த்தது. மண்டாடித் தாத்தா சுற்றிவந்து பார்த்தார். “திரையா கட்டினீர்கள், படகுப் பாய் அல்லவா விரித்திருக்கிறீர்கள்” என்று சொல்லிவிட்டுக் கம்பங்களைப் பிடுங்கச் சொன்னார். காற்று துணியின் முகத்தில் அறையாமல் பக்கவாட்டில் வழுக்கிப் போகும்படி இடத்தை மாற்றி நட்டார். அடிப்பக்கத்தைக் கட்டாமல், மணல் நிரப்பிய பாட்டில்களைத் தொங்கவிடச் சொன்னார். அதன் பிறகு துணி லேசாக மூச்சுவிட்டதே தவிரப் புடைக்கவில்லை.

கூட்டம் முந்நூறைத் தாண்டியிருக்கும். பூவரச மரத்துக் காட்சி வந்தது. திரையில் தாத்தா முதல் வரியை எடுத்தார். பின்னால் உட்கார்ந்திருந்த கிழவர்கள் ஏலேலோ என்று வாங்கினார்கள். அடுத்த வரிக்கு நடுவயதுக்காரர்களும் சேர்ந்தார்கள். படத்தில் இருந்த நான்கு பையன்களின் குரல் அதன் பிறகு கேட்கவே இல்லை, கரை முழுக்க ஒரே குரல். தாத்தா மட்டும் வாயைத் திறக்கவில்லை. உட்கார்ந்த இடத்தில் அவருடைய இரண்டு கையும் மூடி மூடித் திறந்துகொண்டிருந்தன.

இப்போது படியெடுக்கும் வேலை நடக்கிறது. பதினொரு மணி நேர ஒலிப்பதிவில் ஆறு மணி நேரம் முடிந்திருக்கிறது. மக்கள் சொன்னபடியே எழுதுகிறோம், இலக்கணத்துக்கு இழுக்கவில்லை. தாத்தாவின் அம்பாவில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வருகிறது. ஆறு விதமாக எழுதிப் பார்த்துவிட்டோம், பொருள் பிடிபடவில்லை. தாத்தாவுக்கும் தெரியாது, அவர் அப்பா பாடினார், இவரும் பாடுகிறார். ஆச்சிதான், “அது அக்கரைச் சொல்லாக இருக்கும்” என்றார். இருக்கலாம். புயலுக்கு முன்பு தனுஷ்கோடிக்கும் இலங்கையின் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடியது. எதிர்க்கரையிலும் கரைவலை உண்டு, அம்பா உண்டு. மன்னாரில் இருக்கும் ஆசிரிய நண்பர் ஒருவருக்கு அந்த ஒன்றரை நிமிடத்தை மட்டும் வெட்டி அனுப்பியிருக்கிறேன். பேசாலைக்குப் போய், அங்கே வலை இழுக்கும் பெரியவர்களிடம் போட்டுக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். ஒலிப்பதிவோடு ஒரு குறிப்பும் அனுப்பினேன்: கேட்கும்போது அவர்கள் கையில் கயிறு இருக்கட்டும்.