ஸ்கெரிஸ் பாறையில் உடைந்த அரசப் படகு

கார்மல் முனைக்கு நான் போன நாளில் மூடுபனி இல்லை. இருந்திருந்தால் கதைக்குப் பொருத்தமாக இருந்திருக்கும், ஆனால் பார்க்கப் போனது கண்ணில் பட்டிருக்காது. வேல்ஸில் ஆங்கிள்சி தீவின் வடமேற்கு மூலை அது. ஆட்டுப் புழுக்கைக்கு நடுவே, ‘வெள்ளைச் சீமாட்டிகள்’ என்று ஊரார் சொல்லும் இரண்டு வெள்ளைத் தூண்கள். காற்றுக்கு ஒதுங்கி ஒன்றின் பின்னால் உட்கார்ந்தேன். எதிரே கடலில் ஸ்கெரிஸ் பாறைத்திட்டு, அதன்மேல் சிவப்புப் பட்டை போட்ட கலங்கரை விளக்கம்.

‘மேரி’ என்ற அரசப் படகு அங்கேதான் உடைந்தது.

1660-ல் இங்கிலாந்து ராஜா இரண்டாம் சார்லஸ் நாடு திரும்பும் வழியில் டச்சு நீர்வழிகளில் ஒரு யாட்டில், அதாவது சொகுசுப் பாய்மரப் படகில், போனார். படகு ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஆம்ஸ்டர்டாம் நகரம் அப்படியொன்றை வாங்கி அவருக்குப் பரிசாக அனுப்பியது; அதுதான் மேரி. கட்டியது டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி. ஆமாம், பழவேற்காட்டில் கோட்டை வைத்திருந்த அதே கம்பெனிதான். சுமார் 100 டன், எட்டுப் பீரங்கி. கடற்படை அலுவலகத்தில் இருந்த சாமுவேல் பீப்ஸ் போய்ப் பார்த்து, இத்தனை சின்னக் கலத்தில் இவ்வளவு இடமா என்று டைரியில் வியக்கிறார். இதை மிஞ்ச ஒன்று கட்டப்போவதாகச் சொன்ன கப்பல் கட்டுநர் பெட்டால் அது ஆகாது என்றும் எழுதிவைத்தார்.

பெட் குடும்பத்தார் விடவில்லை. அடுத்த வருஷமே ராஜாவுக்கும் தம்பிக்கும் புதுப் படகுகள் வந்தன. 100 பவுண்டு பந்தயம் வைத்துத் தேம்ஸ் நதியில் ஓட்டினார்கள். மேரி கடற்படை வேலைக்குப் போனது. ராஜாவைச் சுமந்த படகு, அப்புறம் டப்ளினுக்கும் இந்தக் கரைக்கும் ஆள் ஏற்றி இறக்கியது.

1675 மார்ச் 25. மூடுபனியில் பாறையில் மோதியது. 74 பேரில் 35 பேர் இறந்துபோனார்கள், அயர்லாந்தின் மீத் பிரபு உட்பட.

விளக்கு எரிந்தது 1717-ல்தான், அதுவும் தனியார் முதலீட்டில், நிலக்கரித் தீயாக. கடந்து போகும் கப்பல்களிடம் கட்டணம் வாங்கினார்கள். 1841-ல் கலங்கரை விளக்கங்களை நிர்வகிக்கும் டிரினிட்டி ஹவுஸ் அதை வாங்க 4,44,984 பவுண்டு கொடுக்க வேண்டியிருந்தது! படகைவிடப் பாறைதான் சம்பாதித்திருக்கிறது.

மேரியின் பீரங்கிகளை 1971-ல் முக்குளிப்பவர்கள் கண்டெடுத்தார்கள். மீட்ட பொருள்கள் லிவர்பூல் அருங்காட்சியகத்துக்குப் போயின.

அன்றிரவு ஹோலிஹெட்டில் டப்ளின் கப்பல் ஏறினேன். எல்லோரும் உள்ளே காபிக்கு வரிசையில் நிற்க, நான் மேல்தளத்தில் நின்றேன். வடக்கே ஸ்கெரிஸ் விளக்கு இரண்டிரண்டாக மின்னிக்கொண்டிருந்தது.