பெரியப்பாவின் மார்ஷலுக்கு வால்வு தேடி

பிப்ரவரி 12, புதன்

ராத்திரி எட்டரை மணிக்கு வாசித்துக்கொண்டிருக்கும்போதே பேஸ் சத்தம் மொத்தையாகிவிட்டது. ஆம்ப்பின் பின்பக்கம் போய்ப் பார்த்தால், வலது பவர் வால்வின் (ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்) உள்ளே இருக்கும் தகடு சிவந்து பழுத்திருக்கிறது. அடுப்பில் மறந்துவிட்ட தோசைக்கரண்டி நிறம். பாய்ந்து அணைத்தேன். இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்து இழந்திருப்பேன்.

இது மார்ஷல் 50 வாட் பேஸ் ஆம்ப். மாடல் எண் 1986. பலர் அதைத் தயாரித்த வருஷம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் பெரியப்பா 1979ல் எம்.வி. சிதம்பரம் கப்பலில் பினாங்கிலிருந்து வந்து இறங்கியபோதே இது அவர் கையில் இருந்தது. பவருக்கு இஎல்34 என்ற பெரிய வால்வு இரண்டு, முன்னால் இசிசி83 என்ற சின்ன வால்வு மூன்று. கோட்டையூர் வீட்டுப் பட்டாலையில் இதன் குரலைக் கேட்டுத்தான் நான் பேஸ் கித்தார் பழகினேன்.

பிப்ரவரி 13, வியாழன்

குற்றம் வால்விலா, சர்க்யூட்டிலா? அதைப் பார்க்காமல் புது வால்வு வாங்குவது காசைக் கிணற்றில் போடுவது. மின்தேக்கிகளில் நானூறு வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும், பிளக்கைப் பிடுங்கினால் மட்டும் போதாது. ரெசிஸ்டர் வைத்து இறக்கி, மீட்டரில் பூஜ்யம் வந்ததைப் பார்த்த பிறகுதான் கை வைத்தேன். இடது வால்வை வலப்பக்கமும், வலது வால்வை இடப்பக்கமும் மாற்றிச் செருகிச் சில நொடி மட்டும் ஓடவிட்டேன். சிவப்பும் வால்வோடு கூடவே இடம் மாறியது. ஆக, குற்றம் வால்வில்தான். மனசு லேசாயிற்று.

போன வருஷம் ஒரு கடையில் ‘ஜோடி பார்த்தது’, அதாவது இரண்டிலும் ஒரே அளவு கரன்ட் ஓடும், என்று சொல்லித் தந்த வால்வுகள் இவை. அன்றைக்கே அளந்திருந்தால் தெரிந்திருக்கும்: ஒன்று 31 மில்லிஆம்பியர், இன்னொன்று 46. இது எந்த ஊர் ஜோடி? ஒரு மாடு இழுக்க, மற்றது வேடிக்கை பார்க்கும் வண்டிதான்.

பிப்ரவரி 16, ஞாயிறு

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு. பழைய பீங்கான், கடிகாரம், எனாமல் தூக்கு, ஒடிந்த நிலைக்கதவு எல்லாவற்றுக்கும் நடுவே வால்வு ரேடியோக்களும் உட்கார்ந்திருந்தன. நாலு பெட்டியின் முதுகைத் திறந்து பார்த்தேன். இருந்ததெல்லாம் இஎல்84. அது ஒன்பது முள் வைத்த சின்ன வால்வு, இஎல்34 எட்டு முள். பேர் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருந்தாலும் ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது.

கடைக்காரர்தான் வழி சொன்னார். “ரேடியோவுல தேடாதீங்க தம்பி. பழைய மைக் செட்டுக்காரங்ககிட்ட கேளுங்க.”

எனக்கு ஏன் இது தோன்றவில்லை! ஊர் ஊராய்த் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் கோன் ஸ்பீக்கர் கட்டியவர்களிடம்தானே பெரிய வால்வு இருக்கும்.

பிப்ரவரி 20, வியாழன்

தேவகோட்டையில் ஒரு பழைய மைக் செட்டுக்காரர். கடையில் இப்போது வாடகை நாற்காலியும் சாமியானாவும்தான். அய்யாவுக்கு எண்பது நெருங்குகிறது. நான் வந்த விஷயத்தைச் சொன்னதும் உள்ளே போய், சட்டி போலக் கனத்த ஒரு ஆம்ப்பையும் பிஸ்கட் டின் ஒன்றையும் கொண்டுவந்து வைத்தார்.

ஆம்ப்பில் இரண்டு இஎல்34. ஒன்றின் உச்சியில் இருக்க வேண்டிய வெள்ளிப் பூச்சு பால் வெள்ளையாகியிருந்தது. உள்ளே காற்று புகுந்துவிட்டது, அவ்வளவுதான், அதை ஏற்றிப் பார்ப்பதே தப்பு. மற்றதன் பூச்சு கண்ணாடி போலப் பளபளத்தது. மேலே இருந்த எழுத்தெல்லாம் அழிந்துபோயிருந்தது. “பொறுங்க” என்று சொல்லிவிட்டு, அதன் அடிக்கண்ணாடி மேல் ‘ஹா’ என்று மெல்ல ஊதினார். ஆவி படிந்ததும் கண்ணாடியில் அரித்த எழுத்து தெரிந்தது: எக்ஸ்எஃப்2 என்ற வகைக் குறி, அதற்குக் கீழே ‘பி5’ என்று தொடங்கும் வரி. ‘பி’ என்றால் இங்கிலாந்தின் பிளாக்பர்னில் இருந்த முல்லார்டு கம்பெனியின் தொழிற்சாலை. 5 என்பது வருஷத்தின் கடைசி இலக்கம். ஆவி காய, எழுத்தும் மறைந்தது. இன்னொரு தடவை ஊதச் சொல்லிப் பார்த்தேன்.

“எடுத்துக்கங்க தம்பி, எனக்கெதுக்கு?”

மனசு ஆசைப்பட்டது, மறைப்பதற்கில்லை. ஆனால் ஒற்றை இஎல்34ஐ வைத்து நான் என்ன செய்ய? ஜோடி சேராத பவர் வால்வு, அது எவ்வளவு உசத்தியாக இருந்தாலும், என் ஆம்ப்பைத்தான் கெடுக்கும். வேண்டாம் அய்யா என்றேன்.

டின்னில்தான் எனக்கான சரக்கு இருந்தது. பஞ்சில் சுற்றிய இசிசி83 ஐந்து, பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் தயாரிப்பு. சின்ன வால்வு அதிகம் உழைப்பதில்லை, பழையதாக இருந்தாலும் பல வருஷம் நிற்கும். பவர் வால்வு அப்படியில்லை, அது தேயும் பொருள். பழையதற்குக் கொட்டிக் கொடுப்பவர்கள் சின்னதற்குக் கொடுக்கட்டும், பெரியதைப் புதிதாய் வாங்கட்டும்.

கிளம்பும்போது அய்யா கேட்டார்: “இந்தப் பொட்டி திரும்பப் பேசுமா?”

பேசும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

ஸ்லோவாக்கியாவில் சாட்சா என்ற ஊரில் ஜேஜே கம்பெனி இன்னும் இஎல்34 செய்கிறது. ரஷ்யாவின் சராட்டோவிலும் வால்வு செய்கிறார்கள். 2022ல் அங்கிருந்து ஏற்றுமதி நின்றபோது உலகமெங்கும் கித்தார்காரர்கள் தவித்தார்கள். நான் ஜேஜே கேட்டு எழுதினேன், இரண்டு ஜோடி. ஒவ்வொரு வால்வையும் அளந்த எண்ணோடு அனுப்ப வேண்டும் என்று அழுத்திச் சொல்லியிருக்கிறேன்.

இசிசி83 ஐந்தையும் ராத்திரி சோதித்தேன். ஒவ்வொன்றையும் செருகி, பென்சிலால் லேசாய்த் தட்டுவது. ஒன்றைத் தட்டினால் ஸ்பீக்கரில் ‘டங்’ என்று மணி அடித்தது, அது விலக்கு. இன்னொன்றில் கடுகு வெடிக்கும் சத்தம். மூன்று நல்லது. எனக்குத் தேவையும் மூன்றுதான்.

மார்ச் 9, ஞாயிறு

பார்சல் நேற்று வந்தது. வால்வுகளைச் செருகி, ஸ்பீக்கர் மாட்டியிருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்த பிறகு ஓடவிட்டேன். தகட்டில் 428 வோல்ட். வால்வுகளில் ஓடும் கரன்ட்டை அமைக்கும் பயாஸ் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாய்த் திருப்பி, ஒன்றை 39 மில்லிஆம்பியருக்கும் மற்றதை 38க்கும் கொண்டுவந்தேன். கணக்குப் போட்டால் தகட்டுக்குப் பதினாறரை வாட் சொச்சம். இஎல்34 தாங்குவது 25. அதில் எழுபது சதவீதத்துக்கு உள்ளேயே இருக்கிறது.

கீழ் ஈ தந்தியை அடித்தேன். 41 ஹெர்ட்ஸ். ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, சுண்ணாம்புச் சாந்துச் சுவர் என்று எங்கும் முட்டி எழும்பியது. வீட்டின் இரண்டாம் கட்டில் எவர்சில்வர் தூக்குகள் அடுக்கோடு அதிர, அம்மா எட்டிப் பார்த்தாள். “உங்க பெரியப்பா வாசிச்சாலும் இந்தத் தூக்குதான் முதல்ல ஆடும்.”

மார்ச் 11, செவ்வாய்

இரண்டாவது ஜோடியோடு தேவகோட்டை. அய்யாவின் ஆம்ப்பில் பயாஸ் திருகு கிடையாது. வால்வின் கேத்தோடு முனையில் நிற்கும் பெரிய ரெசிஸ்டர்தான் எல்லாம் பார்த்துக்கொள்கிறது. காய்ந்திருந்த இரண்டு மின்தேக்கிகளை மாற்றினேன், கோன் ஒன்றை வாசலில் வைத்தோம்.

அரை நிமிஷம் ஒன்றுமில்லை. அப்புறம் மெல்லிசாய் ஒரு ‘ம்ம்’. அய்யா மைக்கை வாங்கி, துண்டால் துடைத்து, “ஹலோ... மைக் டெஸ்ட்டிங்... ஒன்... டூ... த்ரீ” என்றார். எதிர்வீட்டு ஆச்சி கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

பிளாக்பர்ன் வால்வைப் பஞ்சில் சுற்றி டின்னில் வைத்து மூடினார். எப்போதாவது அதற்கு ஜோடி கிடைத்தால் சொல்லுங்கள் என்றார். தேடிக்கொண்டிருக்கிறேன்.