காந்தம் சுருளுக்குள் அசையாமல் இருக்கையில்

காந்தத்தைக் கொண்டு கம்பியில் மின்னோட்டத்தை உண்டாக்கும் மின்காந்தத் தூண்டலை வகுப்பில் செய்துகாட்டும்போது, சட்டக் காந்தத்தைக் கம்பிச்சுருளுக்குள் செலுத்தியதும், சிறு மின்னோட்டத்தையும் காட்டும் கருவியான கால்வனோமீட்டரின் முள் விலகுவதைக் கண்டு மாணவர்கள் உற்சாகமடைவார்கள். அந்த ஆரவாரம் அடங்கும்வரை காந்தத்தை வெளியே எடுக்காமல் சுருளுக்குள்ளேயே அசையாமல் பிடித்திருப்பது என் வழக்கம். அதற்குள் முள் சுழியத்துக்குத் திரும்பியிருக்கும். காந்தம் உள்ளேதான் இருக்கிறது, அதன் புலமும் ஒவ்வொரு சுற்றையும் ஊடுருவி நிற்கிறது, ஆனாலும் மின்னோட்டம் இல்லை. காரணம் கேட்டால், காந்தத்தின் சக்தி தீர்ந்துவிட்டது என்று யாராவது ஒருவர் சொல்வார். அதை உடனே மறுக்காமல் காந்தத்தை வெளியே இழுப்பேன். முள் எதிர்ப்புறம் விலகும். தீர்ந்துபோன சக்தி எப்படி எதிர்த்திசையில் மின்னோட்டத்தைத் தரும் என்று மாணவர்களே கேட்கத் தொடங்கிவிட்டால், பாடத்தின் கடினமான பகுதியைத் தாண்டிவிட்டோம் என்று பொருள்.

இந்தத் தடுமாற்றம் அறிவியலறிஞர்களுக்கும் இருந்தது என்பதை நான் தவறாமல் சொல்வதுண்டு. மின்னோட்டம் காந்த ஊசியை விலக்குவதை 1820-இல் டென்மார்க் அறிவியலறிஞர் ஓர்ஸ்டெட் கண்டறிந்த பின், காந்தத்திலிருந்து மின்னோட்டத்தைப் பெற முயன்றவர்கள், நிலையான புலம் நிலையான மின்னோட்டத்தைத் தரும் என்றே எதிர்பார்த்தார்கள். ஜெனீவாவில் கொலாடான் என்ற இயற்பியலாளர், காந்தம் கால்வனோமீட்டரை நேரடியாகப் பாதித்துவிடக் கூடாதே என்று அதை வேறோர் அறையில் வைத்தார். காந்தத்தைச் சுருளுக்குள் செலுத்திவிட்டு அவர் அங்கே நடந்துபோய்ப் பார்ப்பதற்குள் முள் ஓய்ந்திருந்தது. 1831 ஆகஸ்ட் 29 அன்று ஆங்கிலேய அறிவியலறிஞர் ஃபாரடே இரும்பு வளையத்தில் இரண்டு சுருள்களைச் சுற்றிச் செய்த சோதனையிலும், ஒரு சுருளில் மின்கலத்தை இணைக்கும்போதும் துண்டிக்கும்போதும் மட்டுமே மற்றச் சுருளின் மின்னோட்டத்தைக் காட்டும் ஊசி அசைந்தது.

காந்தப் பாயம், அதாவது ஒரு சுற்றின் வழியே செல்லும் காந்தப்புலத்தின் மொத்த அளவு, எவ்வளவு இருக்கிறது என்பதும், அது எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதும் வேறுவேறு என்பதை எண்களைக் கொண்டும் காட்டலாம். 200 சுற்றுகள் கொண்ட சுருளில், ஒவ்வொரு சுற்றின் வழியே செல்லும் பாயமும் 0.1 விநாடியில் 0.002 வெபர் (பாயத்தின் அலகு) மாறினால் 4 வோல்ட் மின்னியக்கு விசை, அதாவது மின்னோட்டத்தைச் செலுத்தும் மின்னழுத்தம், தூண்டப்படும். அதே மாற்றம் நிகழ 0.5 விநாடி ஆனால் 0.8 வோல்ட்தான் கிடைக்கும். சுற்றுகளின் எண்ணிக்கையைப் பாய மாற்றத்தால் பெருக்கி நேரத்தால் வகுக்கும் இந்தச் சூத்திரத்தை வைத்துக் கணக்கைப் போட்டுவிடுவது எளிது. ஆனால் சீரான காந்தப்புலத்துக்குள்ளேயே ஒரு சுருளைத் திருப்பாமல் பக்கவாட்டில் நகர்த்தினால் என்ன நிகழும் என்று கேட்டுப் பாருங்கள். சூத்திரத்தைப் பிழையின்றி எழுதியவர்களும்கூட, சுருள் நகர்கிறது, ஆகவே மின்னோட்டம் பாயும் என்பார்கள். சுருளைக் கடக்கும் பாயம் மாறவில்லை என்பதால் அங்கே மின்னோட்டம் இராது. இயக்கமே காரணம் என்று நினைவில் பதிந்துவிடுவதால் நேரும் பிழை இது. மின்மாற்றியில் எதுவுமே நகராமல் மின்னோட்டம் தூண்டப்படுகிறது என்று நினைவூட்டினால் பெரும்பாலும் தெளிந்துவிடுகிறார்கள்.

தூண்டப்பட்ட மின்னோட்டம் தன்னை உண்டாக்கிய மாற்றத்தை எதிர்க்கும் என்று கூறும், 1834-இல் வெளியான லென்ஸ் விதியை மனப்பாடம் செய்யும்படி நான் சொல்வதில்லை. தூண்டப்பட்ட மின்னோட்டம் காந்தத்தைத் தடுக்காமல் உள்ளே இழுத்தால் என்ன ஆகும் என்று கேட்டு விட்டுவிடுவேன். காந்தம் விரைவடையும், மின்னோட்டம் பெருகும், காந்தம் மேலும் விரைவடையும். ஆற்றல் ஒன்றுமில்லாததிலிருந்து பெருகிக்கொண்டே போகும். இப்படி நடக்காது என்பதை உணர்ந்தபின் அந்த எதிர்ப்பைக் குறிக்கச் சூத்திரத்தில் இடும் எதிர்க்குறி எங்கிருந்து வந்தது என்பதை அவர்கள் மறப்பதில்லை.

பிறகு செப்புக் குழாய்க்குள் நியோடிமியம் காந்தத்தை விடுவேன். அது மெல்ல இறங்குவதைப் பார்த்ததும், இழந்த நிலையாற்றல் எங்கே போயிற்று என்ற கேள்வி எழும். குழாயின் சுவரில் வட்டமாகத் தூண்டப்படும் சுழல் மின்னோட்டங்கள் வழியே குழாயில் வெப்பமாகிறது என்றால், கையில் பிடித்திருப்பவர் சூடே தெரியவில்லையே என்பார், நியாயமான ஐயம். 20 கிராம் காந்தம் 1 மீட்டர் இறங்கினால் ஏறத்தாழ 0.2 ஜூல் ஆற்றல் வெளிப்படும். அரைக் கிலோ செம்பின் வெப்பநிலையை அது ஒரு டிகிரியில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான் உயர்த்தும். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் அந்த மாணவரையே போடச் சொல்வேன்.