ஒலி கழற்றும், நீர்தான் அகற்றும்

இசைத்தட்டு கழுவ மீயொலித் தொட்டி, அதாவது காதுக்கு எட்டாத ஒலியால் நீரை அதிரவைக்கும் தொட்டி, வாங்கலாமா என்று யாராவது கேட்டால், பதிலுக்கு நான் ஒன்று கேட்பேன்: கழுவிய தட்டை எங்கே காயவைக்கப் போகிறீர்கள்? கேட்டவர் முகம் சுருங்கும். எத்தனை வாட், எத்தனை லிட்டர், எத்தனை கிலோஹெர்ட்ஸ் என்று எல்லாவற்றையும் அவர் படித்து முடித்திருப்பார். ஈரம் சொட்டும் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கப்போகும் அந்த நிமிடத்தை மட்டும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்.

இந்த இயந்திரத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. என்னிடமும் ஒன்று இருக்கிறது. ஆறு லிட்டர் தொட்டி, 40 கிலோஹெர்ட்ஸ், மேலே தட்டுகளைக் கோத்துச் சுழற்றும் ஒரு சிறிய மோட்டார். அதன் வேலை எதுவோ அதை அது ஒழுங்காகச் செய்கிறது. அந்த வேலை எங்கே முடிகிறது என்பதில்தான் குழப்பம்.

லாங் பிளே தட்டின் ஒலித்தடம் மேல்விளிம்பில் ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். தலைமுடி ஒன்றை உள்ளே படுக்கவைத்தால் பெரும்பாலும் இறங்காது. இரண்டு சுவர்களும் 90 பாகைக் கோணத்தில் சந்திக்கும் அந்தப் பள்ளத்தின் அடிவரை பிரஷின் இழை எல்லா இடத்திலும் போய்விடும் என்று நான் நம்பவில்லை. நீர் போகும். நீருக்குள் மீயொலியைச் செலுத்தினால், அழுத்தம் விழும் ஒவ்வொரு கணமும் நுண்குமிழ்கள் பிறக்கும். அழுத்தம் ஏறும்போது அவை உள்நோக்கி நொறுங்கும். நொறுங்கும் இடத்தில் சிறு நீர்த்தாரை ஒன்று பக்கத்தில் இருக்கும் பரப்பை அடிக்கும். கப்பலின் உந்துவிசிறி அரிக்கப்படுவதற்கான காரணத்தை ஆராயப் போய், இயற்பியலாளர் ரேலி பிரபு 1917இல் கணக்குப் போட்டது இதே குமிழ் நொறுங்கலைத்தான். வெண்கலத்தைத் தின்னும் விசையை அடக்கி வைத்துத் தூசி தட்டச் சொல்கிறோம்.

அந்த விசை இருக்கிறதா என்று பார்க்க அலுமினியத் தாள் போதும். ஒரு துண்டை வெட்டித் தொட்டியில் தொங்கவிட்டு ஒரு நிமிடம் ஓட்டி, வெளியே எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஊசியால் குத்தியதுபோல் பொடிப்பொடியாகத் துளைகள். சில இடங்களில் தாள் கிழிந்து தொங்கும், வேறு சில இடங்களில் சுருக்கம்கூட விழுந்திருக்காது. துளை விழுந்த இடங்களுக்கும் விழாத இடங்களுக்கும் நடுவே பட்டைபட்டையாக ஓர் ஒழுங்கு தெரியும். நீரில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1,480 மீட்டர். அப்படியானால் 40 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் 37 மில்லிமீட்டர். தொட்டிக்குள் நிலையலை உருவாகி, பாதி அலைநீளத்துக்கு ஒரு முறை வலுவும் வறட்சியும் மாறிமாறி வரும். தட்டை அசையாமல் நிறுத்தினால் ஒரு பட்டை கழுவப்படும், அடுத்த பட்டை கழுவப்படாது. மோட்டார் வைத்துச் சுழற்றுவது இதற்காகத்தான். என்னுடையது இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு சுற்று வரும். அவசரப்பட்டு வேகமாகச் சுழற்றினால் நீர் கலங்கும், குமிழ்களின் வேலை கெடும்.

தட்டுகளை நெருக்கிக் கோக்கும் ஆசையையும் விட்டுவிட வேண்டும். ஒன்றின் நிழல் அடுத்ததன் மேல் விழும். ஒலிக்கும் நிழல் உண்டு. இரண்டரை சென்டிமீட்டராவது இடைவெளி விட்டு, ஒரே நேரத்தில் இரண்டு அல்லது மூன்று தட்டுகளுக்கு மேல் நான் வைப்பதில்லை. நீர்மட்டம் லேபிளுக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். கடைசித் தடமும் நனைய வேண்டும், காகிதம் நனையக் கூடாது.

அதிர்வெண் பற்றிய சண்டை ஓயாதது. அதிர்வெண் கூடக்கூடக் குமிழ் சிறுக்கும், அடியும் மென்மையாகும். கணக்குப்படி 40 கிலோஹெர்ட்ஸில் ஒத்ததிரும் குமிழின் ஆரம் ஏறத்தாழ 80 மைக்ரோமீட்டர். அது ஒலித்தடத்தைவிடப் பெரியது. 120 கிலோஹெர்ட்ஸில் அது 27 ஆகிவிடும், குமிழின் விட்டம் ஒலித்தடத்தின் அகலத்தை நெருங்கும் அளவு. எஸ்டோனியாவில் தயாராகும் டிகிரிட்டர் என்ற இசைத்தட்டுக் கழுவும் இயந்திரம் 120 கிலோஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுத்திருப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் பழைய எண்ணெய்ப்பிசுக்கையும் கைரேகையையும் என் 40 கழற்றுவதைக் கண்ணால் பார்க்கிறேன். குமிழ் வளர்ந்து நொறுங்கும்போது எல்லாக் கட்டத்திலும் ஒரே அளவில் இருப்பதில்லை என்பதையும் சேர்த்துத்தான் இதை எடைபோட வேண்டும். இந்தச் சண்டையில் காட்டும் அக்கறையில் பாதியை நீரின் மேல் காட்டினால் தட்டுகள் இன்னும் சுத்தமாகும் என்பது என் கட்சி.

காய்ச்சி வடித்த நீரைத்தான் ஊற்ற வேண்டும். குழாய் நீரில் கரைந்திருக்கும் உப்புகள் காய்ந்தபின் தடத்திலேயே தங்கிவிடும். ஆனால் வெறும் நீர் வினைலை நனைக்க மறுத்து முத்துமுத்தாக நிற்கும். பரப்பு இழுவிசையைக் குறைக்க, அயனியற்ற நனைப்பான் சில துளிகள் சேர்க்கிறேன். புகைப்படச் சுருள் கழுவுபவர்கள் கடைசி அலசலில் பயன்படுத்தும் திரவமும் உதவும். பாத்திரம் கழுவும் சோப்பில் மணமும் நிறமும் இன்னும் என்னென்னவோ சேர்ந்திருக்கும், அது வேண்டாம். ஐசோப்ரோபைல் ஆல்கஹாலைத் தொட்டியில் ஊற்றுபவர்கள் உண்டு. அறை வெப்பத்திலேயே தீப்பற்றக்கூடிய ஆவியைத் தரும் பொருளை, சூடாகிக்கொண்டே போகும் மின்கருவிக்குள் ஊற்ற எனக்குத் துணிவில்லை. வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

சூடு என்றதும் நினைவுக்கு வருகிறது: ஹீட்டரை அணைத்து வைத்தாலும் நீர் தானாகவே சூடேறும். செலுத்தும் ஆற்றல் எங்கேயாவது போக வேண்டும் அல்லவா. 35 பாகை செல்சியஸ் என்பது நான் எனக்கு வைத்துக்கொண்ட வரம்பு. அதைத் தாண்டினால் ஆறவிடுவேன். சூட்டில் வளைந்த தட்டை நேராக்குவதைப் போன்ற சலிப்பூட்டும் வேலை வேறில்லை. புதிதாக நீர் ஊற்றியதும் தட்டே இல்லாமல் பத்து நிமிடம் ஓட்டுவதும் வழக்கம். கரைந்திருக்கும் காற்று வெளியேறினால்தான் குமிழ்கள் சரியாக நொறுங்கும். காற்று போனதைக் காதே சொல்லிவிடும்: மந்தமாக இருந்த இரைச்சல் கூர்மையாகும். 40 கிலோஹெர்ட்ஸ் நம் காதுக்கு எட்டாது. நொறுங்கும் குமிழ்களின் சீறல்தான் கேட்கிறது. அடுத்த அறையில் படித்துக்கொண்டிருக்கும் அக்கா எழுந்து வந்து, ஒன்றும் சொல்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போவாள். நானும் மூடி போட்டுவிட்டு வெளியே போய்விடுவேன். ஓடும் தொட்டிக்குள் விரல் விட வேண்டாம் என்று சொல்லத் தேவையிருக்காது, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

இனி, எல்லோரும் தாண்டிப்போகும் இடம். தொட்டி அழுக்கைக் கழற்றிவிட்டது. அந்த அழுக்கு எங்கே? அதே நீரில். தட்டை வெளியே தூக்கும்போது நீர்ப்படலம் ஒன்று அதன்மேல் ஒட்டிக்கொண்டு வருகிறது. கழன்ற தூசியும் நனைப்பானும் அந்தப் படலத்தில்தான் இருக்கின்றன. அதை அப்படியே காயவிட்டால் நீர் மட்டுமே போகும், மற்றதெல்லாம் பள்ளத்தின் அடியில் படிந்து காயும். பிறகு முதல் பக்கத்தை ஓட்டி முடித்து ஊசியை உருப்பெருக்கியில் பார்த்தால், வைர முனையைச் சுற்றி வெண்மையாக ஒரு பஞ்சு. இயந்திரம் சரியில்லை என்று பலர் புலம்புவது இந்தக் கட்டத்தில்தான்.

ஆகவே முதலில் உலர்ந்த கார்பன் இழைப் பிரஷால் மேல்தூசியை எடுத்துவிடுகிறேன். மணலையும் மயிரையும் தொட்டிக்குள் கொண்டுபோவானேன். தொட்டியில் பத்து நிமிடம். பிறகு நனைப்பான் சேராத காய்ச்சி வடித்த நீரில் தனியாக ஓர் அலசல். அலசிய பிறகு, உறிஞ்சும் குழல் கொண்ட சாதாரண இசைத்தட்டுக்கழுவி ஒன்றில் வைத்து நீரை இழுத்துவிடுகிறேன். காற்றில் காயவைத்தால் படலம் சுருங்கிச் சுருங்கிக் கடைசித் துளியில் அழுக்கைக் கூட்டிவைக்கும். உறிஞ்சினால் நீரோடு அழுக்கும் போய்விடும். உறிஞ்சுகருவி இல்லாதவர்கள் இரண்டு முறை அலசித் தூசியில்லாத இடத்தில் நிறுத்தி வைக்கலாம். மின்விசிறி வைப்பதானால் அது எந்தக் காற்றை வீசுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு தொட்டி நீரில் எத்தனை தட்டு என்ற கேள்விக்கும் நான் எண்ணிக்கையால் பதில் சொல்வதில்லை. நுண்வடிகட்டி வழியாக நீரைச் சுற்றவிட்டாலும், கரைந்தது கரைந்ததுதான். அதை வடிகட்டி பிடிக்காது. கரைந்த உப்பளவைக் காட்டும் சிறு மீட்டர் தொடக்கத்தில் காட்டியதைவிடத் தெளிவாக ஏறியிருந்தால் நீரைக் கொட்டிவிடுகிறேன்.

பலன் எப்படி? புகைபிடிப்பவர் ஒருவரின் சேகரிப்பிலிருந்து வந்த வயலின் தட்டு ஒன்றைக் கழுவியபோது அருகிலேயே நின்று பார்த்தேன். விளிம்பு நீரில் இறங்கியதும் முதலில் ஒன்றுமில்லை. சற்று நேரத்தில் தட்டின் இரு பக்கத்திலிருந்தும் இழையிழையாகப் பழுப்பு நிறம் கசிந்து கீழே இறங்கியது. கழுவி, அலசி, காயவைத்துக் கேட்டபோது, வில் திசை மாறும் இடங்களில் இருந்த கரகரப்பு போயிருந்தது. இரண்டாம் பக்கத்தில் சுற்றுக்கு ஒரு முறை வந்த ‘டக்’ அப்படியே இருந்தது. அது கீறல், எந்தக் குமிழும் கீறலை நிரப்பாது. தேய்ந்த ஊசி உழுத தடத்தையும், அச்சடிக்கும்போதே வினைல் சரியாக நிரம்பாமல் விட்ட குறையையும் கழுவிச் சரிசெய்ய முடியாது. விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

காய்ந்த தட்டைப் பழைய காகித உறைக்குள் திருப்பிப் போடாதீர்கள், அங்கே பழைய தூசி காத்திருக்கிறது. பாலிஎத்திலின் உள்ளுறை நல்லது. மென்மையான பிவிசி உறை காலப்போக்கில் தட்டின் மேல் மங்கலாகப் படியும். 78 சுழற்சித் தட்டுகள் வேறு சாதி. அவற்றில் பெரும்பாலானவை ஷெல்லாக். ஆல்கஹால் பட்டால் கரையும், நீரில் ஊறப்போடுவதும் ஆகாது. அவற்றை நான் தொட்டிப் பக்கமே கொண்டுபோவதில்லை. ஈரத்துணியால் சில நொடிகள், உடனே உலர்ந்த துணி, அவ்வளவுதான்.