அம்மாவின் லுகேமியாவும் வெனிடோகிளாக்ஸ் மாத்திரையும்

அம்மாவுக்கு அக்யூட் மைலாய்டு லுகேமியா என்ற வேகமாகப் பரவும் ரத்தப் புற்றுநோய் என்பது எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையில் உறுதியானதும், அவருடைய வயதையும் இதயத்தின் நிலையையும் கருதி, வீரியமான கீமோதெரபியை உடல் தாங்காது என்று மருத்துவர் சொன்னார். அசாசிடிடின் ஊசியுடன் வெனிடோகிளாக்ஸ் மாத்திரையும் தருவது என்று முடிவாயிற்று.

இந்த மாத்திரை செல்லுக்குள் என்ன செய்கிறது என்பதை மருத்துவர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில்தான் அந்தச் செல் மடிவதா, பிழைப்பதா என்பதும் முடிவாகிறது. லுகேமியா செல்களோ பிசிஎல்-2 என்ற புரதத்தின் துணையால் சாவைத் தள்ளிப்போடுகின்றன. வெனிடோகிளாக்ஸ் அப்புரதத்தை முடக்கியதும் சவ்வில் துளை விழுந்து, உள்ளிருக்கும் சைட்டோகுரோம் சி என்ற புரதம் வெளியேற, செல் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. நோயை மீண்டும் முளைக்கவைக்கும் லுகேமியா ஸ்டெம் செல்கள் மைட்டோகாண்ட்ரியாவின் ஆற்றலையே பெரிதும் நம்பியிருப்பதால், இவ்விரு மருந்துகளும் சேர்ந்து அந்த ஆற்றலையும் குறைப்பது கூடுதல் பலன்.

பிறகு வந்த கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றுக்கும் காரணம் அந்தப் படத்திலேயே இருந்தது. செல்கள் ஒரேயடியாக மடிந்தால் அவற்றிலிருந்து வெளிப்படும் பொட்டாசியமும் பாஸ்பேட்டும் யூரிக் அமிலமும் சிறுநீரகத்தையும் இதயத்தையும் பாதிக்கும். ஆகவே வெள்ளணுக்கள் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 25,000-க்குக் கீழே இறங்கிய பிறகே தொடங்கி, 100, 200, 400 மில்லிகிராம் என்று நாளுக்கு நாள் அளவை உயர்த்தினார்கள். யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபுரினால் மாத்திரையும் சலைனும் கூடவே ஓடின. ஒவ்வொரு புதிய அளவுக்கு முன்னும், சில மணி நேரம் கழித்தும் ரத்தம் எடுத்ததில் அம்மாவின் இரு கைகளிலும் பிளாஸ்திரி ஒட்டாத இடமே இல்லை.

தொற்றை எதிர்க்கும் வெள்ளணுக்களான நியூட்ரோபில்கள் குறைந்ததும் பூஞ்சைத் தொற்றைத் தடுக்க போசகோனசோல் சேர்க்கப்பட்டது. அது வெனிடோகிளாக்ஸைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைத் தடுப்பதால், 400 மில்லிகிராம் 70 ஆகக் குறைந்தது. ஒரு 50, இரண்டு 10 என்று எண்ணி, சாப்பிட்ட உடனே கொடுப்பேன். கிரேப்ஃபுரூட் பழமும் இதே நொதியைத் தடுக்கிறது என்பதால் அதற்கும் தடை. வேறு எந்த மருத்துவர் எதை எழுதினாலும், ரத்தநோய் மருத்துவரிடம் காட்டாமல் ஒரு மாத்திரைகூடத் தரக் கூடாது என்பதை இந்தச் சிகிச்சையில் இருக்கும் எல்லோருக்கும் அழுத்திச் சொல்வேன்.

மிகக் கடினமாக இருந்தது முதல் சுற்றின் முடிவுதான். மஜ்ஜையில் பிளாஸ்ட் எனப்படும் முதிராத செல்கள் 5 சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டன. ஆனாலும் தட்டணுக்களும் நியூட்ரோபில்களும் எழவில்லை, மாத்திரையை நிறுத்திவைத்தார்கள். நோய் குறைந்திருக்கும் வேளையில் மருந்தை நிறுத்துவதா என்று அப்பா தவித்தார். நல்ல செல்கள் மஜ்ஜையில் மீண்டும் வளர இந்த இடைவெளி தேவை என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். அந்நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் இரவென்றும் பாராமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதால், தெர்மாமீட்டர் அம்மாவின் தலையணையருகிலேயே இருந்தது. எண்ணிக்கை மெல்ல ஏறியது.

மருத்துவர் எதையும் மறைக்கவில்லை. 2020-இல் வெளியான வியாலே-ஏ ஆய்வில் இந்தக் கூட்டு மருந்தால் நோயாளிகளின் இடைநிலை ஆயுட்காலம் (பாதிப் பேர் உயிரோடு இருக்கும் காலம்) 14.7 மாதம், அசாசிடிடின் மட்டும் பெற்றவர்களுக்கு 9.6 மாதம் என்றும், சில செல்கள் எம்சிஎல்-1 என்ற வேறொரு புரதத்தைப் பிடித்துக்கொண்டு தப்பக்கூடும் என்றும் சொன்னார். இப்போது 28 நாள் சுற்றில் 21 நாள் மட்டும் அம்மா மாத்திரை எடுக்கிறார். ரத்த எண்ணிக்கை போதிய அளவு தேறிய பிறகே அடுத்த சுற்றைத் தொடங்குகிறார்கள்.