நாள் குறிப்பதற்கு முன் பத்திரங்களைப் பாருங்கள்

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் சம்பந்தம் கூடிவிட்டால், நாள் குறிப்பதும் மண்டபத்திற்கு முன்பணம் கட்டுவதும் உடனே நடந்துவிடும். திருமணப் பதிவு வேலையை மட்டும் கல்யாணப் பத்திரிகை அச்சடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைப்பார்கள். இந்த வரிசையை மாற்றுங்கள் என்று, என்னிடம் விண்ணப்பப் பாரம் நிரப்ப வரும் பெற்றோரிடம் நான் வற்புறுத்திச் சொல்லி வருகிறேன்.

முஸ்லிம் அல்லாதோருக்கான 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது முதல், கோயிலில் தாலி கட்டியது மட்டுமே சட்டப்படியான திருமணம் ஆகிவிடாது. தேசியப் பதிவிலாகாவில் முன்கூட்டியே திருமண அறிவிப்புக் கொடுக்க வேண்டும். கொடுப்பவர் அந்த மாவட்டத்தில் அதற்கு முந்திய 7 நாளாவது குடியிருந்திருக்க வேண்டும். அறிவிப்பு 21 நாள் எல்லாரும் பார்க்கும்படி வைக்கப்பட்டு, ஆட்சேபம் எதுவும் வராவிட்டால், 6 மாதத்திற்குள் திருமணத்தைப் பதிந்துகொள்ளலாம். ஆவணியில் முகூர்த்தம் வைத்திருப்பவர்கள் ஆடி பிறந்ததும் அறிவிப்பைக் கொடுத்துவிட்டால், நாம் எந்தச் சுபகாரியமும் செய்யாத அந்த மாதத்திலேயே 21 நாளும் கழிந்துவிடும்.

அறிவிப்புக்கு வேண்டிய பத்திரங்களில், மாப்பிள்ளை, பெண் இருவரின் அசல் மைகார்டுதான் (அடையாள அட்டைதான்) முதன்மையானது. 21 வயது நிறையாதவருக்குத் தந்தையின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். தந்தை காலமாகியிருந்தால் தாயின் சம்மதம் வேண்டும் என்பதால், தந்தையின் இறப்புப் பத்திரத்தையும் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. மறுமணம் என்றால் மணவிலக்கை உறுதிசெய்த நீதிமன்ற ஆணையோ, முதல் துணையின் இறப்புப் பத்திரமோ தேவை. தமிழ்நாட்டிலிருந்து வரும் வரன் என்றால் கடப்பிதழும், அவர் மணமாகாதவர் என்பதற்கு அவர் நாட்டுத் தூதரகம் தரும் கடிதமும் வேண்டும். அக்காள் மகளைக் கட்டுவதற்குச் சட்டம் இடம் கொடுக்காது என்று சிலர் அஞ்சுகிறார்கள். தாய்மாமன் உறவில் இந்து வழக்கப்படி நடக்கும் திருமணத்திற்கு இச்சட்டமே விலக்கு அளித்திருக்கிறது.

எங்கள் பக்கத்துச் சிக்கல் இந்தப் பட்டியலில் இல்லை. அது பழைய தோட்டத்துப் பத்திரங்களில் இருக்கிறது. அண்மையில் தோட்டத்து அக்கா ஒருவர், மகளின் கல்யாணத்திற்காகப் பிஸ்கட் டின்னில் பாதுகாத்து வைத்திருந்த பத்திரங்களை என் மேசையில் பரப்பினார். நான்காக மடித்து மடித்து நடுவில் கிழிந்துபோன, பின்புறம் செலோடேப் ஒட்டிய அவருடைய பிறப்புப் பத்திரத்தில், அவர் தகப்பனாரின் பெயர் அந்நாளில் தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) காதில் விழுந்தபடி ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் வேறு விதமாகவும் இருந்தது. மகளின் மைகார்டிலோ, எண்ணின் முதல் 6 இலக்கங்கள் காட்டும் பிறந்த தேதியும் பிறப்புப் பத்திரத்துத் தேதியும் ஒத்துப்போகவில்லை. “கோயில்ல பேர் கேட்டா சொல்லப் போறோம், இதையெல்லாம் யாருங்கய்யா பாக்கப் போறாங்க?” என்றார். பதிவிலாகா முகப்பில் இருக்கும் அதிகாரி பார்ப்பார்; பார்க்கவும் வேண்டும். தாயின் பழைய பத்திரத்தைப் பிறகு திருத்திக்கொள்ளலாம், அவசரமில்லை. மகளின் தேதியை அறிவிப்புக் கொடுக்கும் முன்பே சரிசெய்தாக வேண்டும். நல்ல வேளையாக, அந்த வீட்டில் இன்னும் நாள் குறிக்கவில்லை.

‘பதிவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிடுவதன் சுமை பிள்ளைகள் தலையில் விழுகிறது என்பதே என் பெருங்கவலை. பதிவாகாத உறவில் பிறக்கும் குழந்தைக்குத் தாயின் தகுதியை வைத்தே குடியுரிமை பார்க்கப்படுகிறது. தந்தை குடிமகனாக இருந்தும், தாய் குடியுரிமை இல்லாதவர் என்றால், இம்மண்ணில் பிறந்த குழந்தையும் குடியுரிமை இல்லாமல் நின்றுவிட நேரலாம். பிறகு பெற்றோர் பதிவு செய்துகொண்டாலும் அந்தப் பிள்ளைக்கு 12 வயதில் எல்லாரையும் போல மைகார்டு கிடைப்பது எளிதல்ல. ஆகவே, பெண் வீட்டாரோ மாப்பிள்ளை வீட்டாரோ ஜாதகம் கேட்கும்போதே, மைகார்டு நகலையும் பிறப்புப் பத்திரத்து நகலையும் கூச்சப்படாமல் கேட்டு வாங்குங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயரையும் தேதியையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். வேறுபாடு தெரிந்தால், மண்டபத்திற்குப் பணம் கட்டுவதற்கு முன்பாகவே பதிவிலாகாவுக்குப் போய்விடுங்கள்.